ஐந்தாவது வாரத்துப் படம்

கோழிமுட்டையை உடைப்பது வேறு, திறப்பது வேறு. உடைக்க யாருக்கும் வரும். மூன்று நாள் அடைகாத்த முட்டையைப் படுக்க வைத்து, மேலோட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டினால் உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி துடிப்பது தெரியும். அது நிற்பதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். சாலே ஆற்றின் இந்தக் கரையில் அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கை நடுங்குமா என்று நேற்று கேட்டீர்களே, நீதிபதி ஐயா. நடுங்காது.

என் அப்பா தோல் பதனிடுகிறவர். எங்கள் வீட்டில் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் ஓவிய ஆசிரியைச் சான்றிதழ். பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காது. பெருமைக்கு வாள்சண்டை போட்டு வாங்கின தழும்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பணக்காரப் பையன்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்குவார்கள். நான் பக்கத்தில், கருக்களைச் சாராயத்தில் போட்டு வைக்கிற ஜாடி அறையில் நின்று கதவிடுக்கில் கேட்பேன். ஒருநாள் பேராசிரியர் ஐஷ்லர் அந்தக் கதவைத் திறந்து, திட்டாமல், ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அன்றிலிருந்து அவருக்குப் படம் வரைகிறேன். ஒன்பது வருடம் ஆகிறது.

அவர் இளமையில் கவிஞர்களோடு திரிந்தவர். இயற்கை முழுவதும் ஒரே உருவத்தின் விளையாட்டு என்பது அங்கே பிடித்த பித்து. இலைதான் பூ, இலைதான் கனி. முதுகெலும்பின் ஒரு கண்ணிதான் மண்டையோடு. "இங்கிலாந்துக்காரன் புறா வளத்து, எலும்பை அளந்து வந்து சேர்ந்த இடத்துக்கு நம்மாளுங்க பாட்டுப் பாடிக்கிட்டே ஐம்பது வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க, பொண்ணே," என்பார். "மீனும் மனுஷனும் ஒரே மெட்டு. அடிதான் வேற." நான் முதன்முதலில் வரைந்த கருவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "தட்டுல கிடக்கிறதை வரையாதே. அது என்னவா ஆக நினைக்குதோ அதை வரை."

நசுங்கியது, கோணலானது, தற்செயலாக வந்தது எல்லாவற்றையும் விட்டுவிடுவது எனக்கு அப்படித்தான் பழகியது.

அவருடைய புத்தகத்துக்கு ஒரு வரிசை தேவைப்பட்டது. மீன், ஆமை, கோழி, நாய், மனிதன். கருவின் தொடக்கத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்று காட்ட வேண்டும்; மனிதனுக்கு அது ஐந்தாவது வாரம். முகவுரையில் என் பெயர் வரும் என்றார். அதற்காக நான் எதையும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனிதக் கருவின் ஐந்தாவது வாரம் எங்களிடம் இல்லை. அதே கட்டத்து நாயுடையது இருந்தது. வாலைக் குறைத்து நெற்றியைக் கொஞ்சம் உயர்த்தினேன். பேராசிரியர் கண் கலங்கிவிட்டார். "இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றார். அவரிடம் நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்காதீர்கள்.

கண்டுபிடித்தது, அச்சுக்காக மரக்கட்டையில் படம் வெட்டித் தருகிற ப்ரூக்னர்.

"ஃப்ராய்லைன், இது நாய்."

"மனுஷன்னு கீழ எழுதியிருக்கே, தெரியலையா?"

"என் மாமியார் படத்துக்குக் கீழ தேவதைன்னு எழுதினா ரெக்கை முளைச்சிடுமா? இருபது வருஷமா கோடு வெட்டறேன். ஒரே கோடு ரெண்டாவது தடவை வந்தா என் விரலுக்குத் தெரியும். உங்ககிட்ட நிஜமானது இருந்தா காட்டுங்க, வாயைப் பொத்திக்கிறேன். இல்லேன்னா லைப்ஸிக் பத்திரிகைக்கு எழுதுவேன்."

"ஈஸ்டர் முடிஞ்சதும் வாங்க, காட்டறேன்," என்றேன். தேதியைச் சொல்லியிருக்கக் கூடாது. அதை வைத்துத்தானே அவர் உங்களிடம் வந்தார்.

ஜாடி கழுவுகிற ஹன்னெ அந்த வாரம்தான் வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தாள். மிஞ்சின முட்டையில் அப்பம் சுடுகிறவள், அந்த வாடையே ஆகாமல் வாசலுக்கு ஓடினாள். அவளுக்கு நிச்சயித்தவன் எர்ஃபுர்ட்டில் சிப்பாய். மார்ச் முதல் ஞாயிறு ஒருநாள்தான் அவனுக்கு விடுப்பு. எனவே வாரக் கணக்கில் சந்தேகமே இல்லை.

"பெந்தெகொஸ்தே பண்டிகைக்குக் கல்யாணம், ஃப்ராய்லைன். கவுன் இறுகாம இருக்கணும், அவ்வளவுதான்," என்று சிரித்தாள். "உங்க ஜாடியிலே இருக்கிற மாதிரியா இருக்கும் இப்போ என் வயித்துல? வாலோடயா? இதோட அப்பனுக்கே வால் இல்லாததுதான் குறை." பிறகு, "வாந்திக்கு ஏதாவது கை மருந்து தெரியுமா?" என்று கேட்டாள்.

கேட்டது அவள்தான். அவளுக்கு வேறு யாரும் இல்லை. அப்பா பட்டறைப் பெண்கள் எதைக் குடிப்பார்கள் என்று சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். காய்ச்சி, தேன் கலந்து, மூன்று வேளை கொடுத்தேன். கசக்கிறது என்றாள். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், கட்டடத்தில் யாரும் இல்லை. மத்தியானம் வலி வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு. ரத்தம் நிற்கவில்லை. டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். மூன்று முறை சொன்னாள். டாக்டர் வந்தால் எடுத்ததை அவர் கொண்டுபோய்விடுவார், அவருக்கு வரையத் தெரியாது. ஜாடியில் பத்திரமாக வைத்த பிறகுதான் போனேன். வழியில் அவசரப்படவில்லை, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் தானாகக் கலைந்தது என்று எழுதினார். அவரும் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததை எழுதினார்.

அந்த ஜாடியைத்தான் மூன்று நாளாகத் தேடுகிறீர்கள். சனிக்கிழமை காலை நல்ல வெளிச்சத்தில் அதை என் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. தலை பெரிதாக, வேறு மாதிரி வளைந்திருந்தது. கழுத்து மடிப்புகள் நான் வரைந்தபடி ஒரே அளவில் இறங்கவில்லை. ப்ரூக்னர் சொன்னது சரி என்று ஒரு முட்டாளுக்குத் தோன்றலாம். நான் வெகுநேரம் பார்த்தேன். பாதி நாள் வெறும் உருளைக்கிழங்கு தின்று, குளிர்ந்த தண்ணீரில் நின்று வேலை செய்த பெண். அவள் உடம்பில் கோணல் இருந்தால் அது இயற்கையின் குற்றமா? அடுப்பில் போட்டுவிட்டேன். படத்தில் ஒரு கோடுகூட மாற்றவில்லை.

இதையெல்லாம் நானாகவே சொல்கிறேன், யாரும் வற்புறுத்தவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஹன்னெயைக் கொன்றது நான்தான். ஆனால் படம் பொய் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே ஒரு மாதிரியைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது விஞ்ஞானம் ஆகாது, ஐயா. குறைந்தது இன்னும் இரண்டையாவது பார்க்க வேண்டும்.