நடுநாளுக்கு விடுமுறை இல்லை

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணாச்சி மகாராஜன் அவர்களே, நம் வழக்கை நடத்திவரும் வழக்கறிஞர் எப்சி அவர்களே, மனைவி பொன்செல்வி அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் தம்பி இசக்கிமுத்து அவர்களே, இன்று மாலை வேலை முடித்து, கம்பெனிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் இங்கே வந்து நிற்கும் என் சகோதரிகளே, சகோதரர்களே! உங்கள் எல்லோருக்கும் அகமது மீரானின் வணக்கம்.

நான் நீளமாகப் பேசப் போவதில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பொன்செல்வி அம்மா இருந்திருந்தால் இந்நேரம் கீழேயிருந்து, “அண்ணாச்சி, சொல்லுறதச் சட்டுனு சொல்லிட்டு எறங்குங்க, பிள்ளையளுக்குப் பஸ் போயிரும்” என்று குரல் வந்திருக்கும். அந்தக் குரல் இல்லாத முதல் கூட்டம் இது. எனக்குக் களைப்பாக இருக்கிறது தோழர்களே. துக்கத்தை விடக் களைப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. எத்தனை மேடை, எத்தனை மனு, எத்தனை மாலை!

பாளையங்கோட்டையில் நம்முடைய அரசுக் கூட்டு அலுவலகக் கட்டடத்தில் நான் மின்பணியாளனாக வேலை பார்த்தவன். அரசாங்கச் சம்பளம் வாங்கிய கடைசி மின்பணியாளன். முதலில் கழிப்பறைகளை ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். பிறகு தோட்டம் போனது. பிறகு மோட்டார், லிஃப்ட், காவல். கடைசியில் நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியும் என்னோடு ஓய்வு பெற்றது. இப்போது அங்கே ஒரு பல்பு எரியவில்லை என்றால் கம்பெனிக்கு போன் போட வேண்டும். கம்பெனி எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

பொன்செல்வி அம்மாவை நான் முதலில் பார்த்தது சண்டையில்தான். மாடிப்படிப் பக்கம் சுவரில் துளை போட்டு வயர் இழுத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம்: “என்ன அண்ணாச்சி, செவத்தத் தொளச்சிட்டு நீங்க பாட்டுக்குப் போறிய? இந்தப் பொடிய அள்ள உங்க வீட்டுல இருந்து ஆள் வருமா?” திரும்பிப் பார்த்தால் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் ஏணியைச் சாத்திவிட்டு அள்ளினேன். அன்று தொடங்கிய பழக்கம். அந்தக் கோட்டு பிறகு பச்சையானது, அரக்கானது, காவியானது. கம்பெனி மாறும்போதெல்லாம் கோட்டு மாறியது. வானவில்லில் பாக்கி இருக்கிற நிறங்களையும் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று அவரே சிரிப்பார். ஆள் மாறவில்லை. வாளி மாறவில்லை. கூட்டிய வராந்தாவும் அதேதான்.

சங்கம் எப்படி வந்தது என்று புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

ஒரு கம்பெனியின் ஒப்பந்தம் முடியும். அடுத்த கம்பெனி ஒரு நாள் விட்டு மறுநாள்தான் வரும். அந்த இடைப்பட்ட ஒரு நாளுக்கு நம் பெண்கள் வைத்த பெயர் நடுநாள். அன்று கோட்டு கிடையாது, அடையாள அட்டை கிடையாது, மேற்பார்வையாளர் கிடையாது. முதல் நடுநாள் வந்தபோது இவர்கள் என்ன செய்தார்கள்? சந்தோஷப்பட்டார்கள்! ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தவர்களுக்குத் தெய்வமாகப் பார்த்துக் கொடுத்த லீவு அல்லவா? ஒரு வேன் பிடித்தார்கள். புளியோதரை கட்டினார்கள். மணிமுத்தாறு அருவிக்குப் போய்க் குளித்துக் கூத்தடித்துவிட்டு, பாட்டும் கும்மாளமுமாகத் திரும்பி வந்தார்கள். வேனுக்குப் பேசி ஏற்பாடு செய்ததே பொன்செல்வி அம்மாதான்.

மறுநாள் காலை புதுக் கம்பெனி மேற்பார்வையாளர் வாசலில் நின்று சொன்னார்: “பழைய ஆளுவ முந்தாநாளோட முடிஞ்சாச்சு. இன்னைக்கு நீங்க எல்லாரும் புது ஆளு. புது ஆளுன்னா வயசு பாப்போம்.” வயதைப் பார்த்தார். ருக்கு அக்காவை வரிசையிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். அந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்து அதைக் கூட்டிய ருக்கு அக்கா! வீட்டுக்காரர் இல்லாமல் ஒற்றை ஆளாகக் குடும்பத்தை இழுத்த ருக்கு அக்கா! முதல் நாள் அருவியில் நின்று குழந்தை மாதிரிச் சிரித்த அந்த மனுஷி, தூக்குச்சட்டியைப் பிடித்தபடி என்ன நடந்தது என்றே புரியாமல் நின்றார்.

பொன்செல்வி அம்மா முன்னால் வந்து கேட்டார்: “அருவியில குளிச்சதுல எங்க சர்வீஸு கரைஞ்சு போச்சோ?”

யார் பதில் சொல்வார்கள்? ருக்கு அக்கா அதன்பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்தார். இப்போது அவரும் இல்லை. வேன் பிடித்தவள் நான்தானே என்று பொன்செல்வி அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு சொல்லியும் அந்த எண்ணம் அவரை விடவில்லை. அந்த வலியில் பிறந்ததுதான் நம் சங்கம்.

அடுத்த நடுநாள் வந்தது. அன்று அவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரையும் வீட்டுச் சேலையில் வரச் சொன்னார். வீட்டிலிருந்து துடைப்பம் கொண்டுவரச் சொன்னார். வண்ணார்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வாரியலும் கையுமாக இவர்கள் ஏறியபோது, நடத்துநர் துடைப்பத்தைக் காட்டி, “என்ன, ஊர்வலமா?” என்று கேட்டாராம். “இல்ல தம்பி, வேலைக்கு” என்றாராம் இவர்.

வாசலில் காவலாளி மறித்தார். அவரும் ஒப்பந்த ஆள்தான். அவருக்கும் அன்று நடுநாள்தான். தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போக இடமில்லாமல் வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தார். “யாரக் கேட்டு உள்ள போறிய?” என்றார்.

“உமக்கே இன்னைக்கு யாரு மொதலாளின்னு தெரியாது. எங்கள எதுக்கு வே கேக்கீரு?” என்றார் பொன்செல்வி அம்மா.

அவர் சிரித்துவிட்டார். கதவைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று அந்தக் கட்டடத்தைக் கூட்டச் சொல்ல ஆளில்லை. ஆனாலும் கூட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த எந்த நடுநாளிலும் அந்த வராந்தா கூட்டாமல் கிடந்ததில்லை.

இது வெறும் பிடிவாதமா? இல்லை. கம்பெனி எத்தனை மாறினாலும் நாங்கள் இடைவிடாமல் வேலை பார்த்த அதே ஆட்கள் என்பதுதான் நீதிமன்றத்தில் நம் வழக்கு. எப்சி அம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், ஒரு நடுநாளில் நாம் வராமல் இருந்தால் போதும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று. அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் ஒரு சகோதரி கூண்டிலேறிச் சாட்சி சொன்னார்: “கோட்டு இல்லாமத்தான் வந்தாங்க. வீட்டுச் சேலையோட வந்தாங்க. ஆனா வந்தாங்க.” அந்த மூன்று வாக்கியத்தில்தான் நம் வழக்கு நின்றுகொண்டிருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வருவதற்குள் பொன்செல்வி அம்மா போய்விட்டார்.

காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆற்றங்கரை மயானத்தில் வேலை பார்த்தவர்கூட ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் எழுதிய கோட்டுப் போட்டிருந்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. கடைசிக் கதவைத் திறந்துவிடுகிறவரும் ஒப்பந்தம்தானா!

போன மாதம் நான் பொன்செல்வி அம்மாவிடம் சொன்னேன்: “போதும் தாயி. தீர்ப்பு வரும்போது வரட்டும். நமக்கும் முட்டி வலிக்கி, நிக்க முடியல.” அவர் என்ன சொன்னார் தெரியுமா? “நிக்க முடியலன்னா உக்காந்து கூட்டுவோம் அண்ணாச்சி.” அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. அப்படியே எழுந்து டீ வாங்கப் போய்விட்டார்.

இப்போது நாளைக்கு வருகிறேன். நாளை என்ன நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பழைய கம்பெனி இன்றோடு முடிந்தது. புதுக் கம்பெனி நாளை மறுநாள் வருகிறது. நேற்று அந்தப் புதுக் கம்பெனியிலிருந்து ஒருவர் ரோஜா மாலையோடு வந்தார். மாலையின் நாடாவில் கம்பெனி பெயர் தங்க எழுத்தில் மின்னியது. படத்துக்குப் போட்டார். கைகூப்பினார். பிறகு சொன்னார்: “அம்மாவுக்கு மரியாதையா நாளைக்கழிச்சு எல்லாரும் லீவு எடுத்துக்கிடுங்க. துக்க நாள். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.”

கேட்டீர்களா? அவர் சொன்ன அந்த நாள் நாளைதான்! எந்த நாளுக்காகப் பொன்செல்வி அம்மா ஆயுள் முழுக்க மல்லுக்கு நின்றாரோ, அந்த நாளையே அவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒருவேளை அந்த மனிதருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் இருக்கலாம். அவரையும் யாரோ சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் மணிமுத்தாறுக்குப் போன வேன் மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது தோழர்களே. இந்தத் தடவை மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது.

உங்களில் சிலர் என்னிடம் தனியாகக் கேட்டீர்கள், நாளை வந்தால் நாளை மறுநாள் பெயர் இருக்காது என்கிறார்களே என்று. பயம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று பொய்ச் சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. நாளை வராதவர்களைத் துரோகி என்று சொல்லவும் மாட்டேன். ருக்கு அக்காவை மட்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர் யார் சொல்லையும் மீறியவர் இல்லை. கொடுத்த லீவைத்தான் எடுத்தார்.

இரங்கல் கூட்டத்தில் கடைசியில் ஒரு உறுதிமொழி சொல்வது வழக்கம். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்போம், கையை உயர்த்துவோம், வீட்டுக்குப் போவோம். இன்று கையை உயர்த்த வேண்டாம். ஏற்கனவே வலிக்கிற கைகள் அவை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சவத்தைத் தூக்கிய வீட்டைக் கூட்டிக் கழுவாமல் விடுகிற வழக்கம் நம் பக்கத்தில் எந்தச் சாதியிலாவது, எந்த மதத்திலாவது உண்டா? பொன்செல்வி அம்மா வண்ணார்பேட்டை வீட்டில் இருந்த நேரத்தைவிட அந்தக் கட்டடத்தில் இருந்த நேரம்தான் அதிகம். அப்படியானால் அதுவும் சாவு நடந்த வீடுதானே? அதை யார் கூட்டுவது?

தம்பி இசக்கிமுத்து இன்று வரும்போது வீட்டிலிருந்து பொன்செல்வி அம்மாவின் வாரியலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இதோ இருக்கிறது. பிடித்துப் பிடித்துக் கைப்பிடி வழவழப்பாகிவிட்டது.

நாளைக் காலையில் வழக்கமான நேரத்துக்கு இதோடு நான் வாசலில் இருப்பேன். எனக்கு ஒழுங்காகக் கூட்டத் தெரியாது. அங்கங்கே பொடி கிடக்கும். திட்டுவதற்கு அவர் இல்லை, நீங்கள்தான் வந்து திட்ட வேண்டும். முட்டி வலித்தால் உட்கார்ந்து கூட்டுவேன்.