பெட்டிக்குள்ள ஒரு கால்

…அந்தப் பெட்டியக் கீழ வை தம்பி. வீட்டக் காலி பண்ணிட்டுப் போறவன வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறேன்னு மொறைக்காத. உன் வீட்ட விட்டா ஒம்பது வீடு இருக்கு இந்தக் கட்டடத்துல. எட்டு வீட்லயும் மடையனுங்க. ஒம்பதாவது நான்.

பல் டாக்டர் சம்சாரத்தயே பாரேன். லிஃப்ட்ல நீ ஏறினா அவங்க எறங்கிடறாங்க. நாலு மாடி, மூச்சு வாங்க நடந்தே ஏறுறாங்க! உடம்புக்கு நல்லதுதான், அது வேற விஷயம். சங்கச் செயலாளர்… அவன் உங்கிட்ட மட்டும் அடையாள அட்டை நகல் மூணு தடவ வாங்கினான். மூணு! ரெண்டு மாசத்துல மொகம் மாறிடுமா? கேட்டா, "பேச்சே வேற மாதிரி இருக்கு சார், எங்கேர்ந்து வந்தான்னே தெரியல"ங்கறான். இவன் மட்டும் இந்தச் செவுத்துல மொளச்சானாக்கும்!

இரு, இரு. வண்டிக்காரன் நிக்கட்டும்.

இவ்வளவும் எதுக்கு? ஒரு காலுக்கு. நீ குடி வந்த அன்னிக்கு அட்டைப்பெட்டி கிழிஞ்சு ஒரு கால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அஞ்சு வெரல், நகம், எல்லாம் அச்சு அசலா. இப்ப வண்டிக்காரன்கிட்ட "செயற்கைக் கால், நான் செஞ்சது, பாத்து வைங்க"ன்னியே, அப்பத்தான் எனக்கே தெரியும். அன்னிக்கு அதப் பாத்தது யாரு? …சரி, நான்தான். நான் ஒருத்தன்தான். கதவ லேசாத் தொறந்து.

கேட்டிருக்கலாம்தான். கேட்டா ஒரு வார்த்தைல சொல்லியிருப்ப. அப்புறம் கதைக்கு எங்க போறது?

ஆமா, கதை. வாரப் பத்திரிகைல துப்பறியும் தொடர் எழுதறேன்ல! மூணாம் மாடிக்குப் புதுசா ஒருத்தன் வர்றான், அவன் பெட்டிக்குள்ள கால். பேரெல்லாம் போடல. கண்ணாடியும் வகிடும் மட்டுந்தான்… சரி, சட்டைக் கலரும். அதப் படிச்சுட்டு லிஃப்ட விட்டு எறங்கினா நான் என்ன பண்ண?

தொழில் ரகசியம் சொல்றேன், கேளு. புதுசா வந்தவன எழுதினா ஆதாரமே வைக்க வேணாம். குனிஞ்சு செருப்பு மாட்டினாக்கூட ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துரும். கடைசி வாரந்தான் தெரியும், கொன்னது நாப்பது வருஷமா அங்கயே இருக்கற கெழவன்னு. படிச்சவன் வெக்கப்படணும். அதுக்குத்தான் தொடரே! கடைசி அத்தியாயம் வர்ற வியாழக்கிழமை வரைக்கும் இரேன். நீ இப்பப் போனா "பாத்தியா, ஓடிட்டான்"னு சொல்லுவானுங்க. அப்புறம் என் முடிவ எவன் நம்புவான்?

எனக்காகச் சொல்லல… சரி, எனக்காகத்தான்.

என்ன பாக்கற? எழுதியாச்சான்னா? இல்ல. நாலு தடவ உக்காந்துட்டேன். கெழவன் ஏன் கொன்னான்னு வர மாட்டேங்குது. உன் அத்தியாயமெல்லாம் பேனாவ வச்சா ஓடுச்சு. "அப்படியே நம்பும்படி இருக்கு"ன்னு வாசகர் கடிதம் குவியுது. ஏன் அவ்வளவு நல்லா வந்துச்சுன்னா…

நானும் நம்பினேன் தம்பி. முடிவு தெரிஞ்ச நானே! சாயங்காலம் ஆறு மணியானா ரெண்டு தாழ்ப்பாள் போட்டேன்.

தம்பி? கீழயா போற? நில்லுப்பா. ஒரு வார்த்தையாவது சொல்லிட்டுப் போயேன்… அட, நான் எங்க உன்ன வாயத் தொறக்க விட்டேன்!