நெவிலின் நாற்பது நிமிடம்

பேஸ் கிட்டார் வாசிப்பவனுக்கு மற்றவர்களைவிடப் பொறுமை அதிகம் வேண்டும், சார்ஜென்ட். எனக்கு அது நிறையவே இருந்தது.

கோல்பார்ஜ் இசைக்குழுவை 1964இல் வுல்வர்ஹாம்ப்டனில் தொடங்கியது நானும் நெவில் க்ரௌதரும். அவன் முன்னணி கிட்டார். நான் பேஸ், அதாவது, பின்னால் நின்று தம் தம் என்று தட்டிக்கொண்டிருப்பவன். இருவருக்கும் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை. அமெரிக்காவின் மிசிசிப்பிக் கறுப்பர்களின் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, அவர்கள் பருத்திக்காட்டில் பட்ட துயரத்தையெல்லாம் நாங்கள் பாடினோம். எங்கள் வீடுகளில் பருத்தி உள்ளாடையாக மட்டுமே இருந்தது.

முதல் வருடம் நெவிலின் தனி வாசிப்பு இரண்டு நிமிடம். பத்திரிகையில் யாரோ மேதை என்று எழுதித் தொலைத்தார்கள், எட்டாயிற்று. அமெரிக்கா போய்வந்தோம், இருபது. அந்த இருபது நிமிடமும் நான் மூன்றே சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். டிரம்மர் மால்கம் ஒருமுறை நடுவில் எழுந்துபோய் சாண்ட்விச் தின்றுவிட்டு வந்தான். நெவில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் நல்லவிதமாகத்தான் சொன்னேன்.

“கொஞ்சம் சுருக்கிக்கடா நெவில்.”

“நான் எங்கடா வாசிக்கிறேன்? அதுவா வருது.”

“வர்றதை அடக்கிக்கோ. நாங்கல்லாம் அடக்கிட்டு நிக்கலையா?”

“உனக்குப் பொறாமைடா, ரோலண்ட்” என்று சிரித்தான். அவனுக்கு மனிதர்களைப் புரியாது.

1971 பிப்ரவரியில், லீட்ஸில், வேனிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். நெவில் இடது கையைக் கதவின் இடுக்கில் ஊன்றியபடி மால்கமிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்தினேன். சரியாகச் சாத்தவில்லை என்று தோன்றியதால் இன்னொரு முறை சாத்தினேன்.

இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக்குத் தினமும் திராட்சை வாங்கிப்போனேன். சூப்பை நானே ஊட்டினேன். “நீ வேணும்னு பண்ணலை, மனசுல வெச்சுக்காதே” என்று அவன்தான் என்னைத் தேற்றினான். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஆறே மாதத்தில், மிச்சமிருந்த விரலொன்றில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு ஆள் திரும்பி வந்துவிட்டான். அதைக் கம்பிகளின் மேல் இழுத்தால் யாரோ விசும்புவதுபோல ஒரு சத்தம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போய்ச்சேரவே அரை நிமிடம். முன்பு கைதட்டியவர்கள் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாற்பது நிமிடம், சார்ஜென்ட். விரலைக் குறைத்தால் நேரம் கூடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறு வருடம் ஜூனில், ஸ்கெக்னஸ் கடல்பாலத்தில், இசைத்தட்டு அட்டைக்காகப் படம் எடுத்தோம். புகைப்படக்காரர் பிலிம் எடுத்துவரப் போயிருந்தார். மால்கம் சிப்ஸ் வாங்கப் போயிருந்தான். கீழே தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது.

“கைப்பிடிக் கம்பி மேல ஏறி உட்காரு, நெவில். பின்னால கடல் எடுப்பாத் தெரியும்.”

“விழுந்துட்டா? எனக்கு நீச்சல் தெரியாதுடா.”

“நான் பிடிச்சுக்கிறேன்.”

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு தள்ளினேன். ஒரே ஒருமுறை என் பெயரைக் கூப்பிட்டான். வாழ்க்கையில் அவன் சுருக்கமாக முடித்தது அது ஒன்றைத்தான்.

பொறாமை என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். நான் குழுவைக் காப்பாற்றினேன். அவன் கிட்டாரைக்கூட நானாக எடுக்கவில்லை, அவன் அம்மாதான் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு எட்டு ஊர்களில் நானே முன்னால் நின்று வாசித்தேன். ஐம்பது நிமிடம், குறைக்க மனம் வரவில்லை. எட்டு ஊரிலும் கூட்டம் பாதியில் எழுந்துபோனது. சிப்ஸோடு திரும்பிய மால்கம் பாலத்தில் நடந்ததைப் பார்த்திருக்கிறான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கொலையைத் தாங்கிக்கொண்டவனுக்கு என் வாசிப்பைத் தாங்க முடியவில்லையாம். எட்டாவது ஊரில் நடுவிலேயே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறான்.

இந்த நாட்டில் என்னைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டிருக்கக்கூடியவன் நெவில் ஒருவன்தான்.