மீன்கொத்திப் படமும் மூன்றாம் ஓலையும்

முழங்கால் போடும் இந்தப் பலகைக்கு ஒரு மெத்தை தைத்துப் போடலாம் சாமி. வயசானவர்கள் எழுந்திருக்கும்போது நமக்கு நடுவில் இருக்கும் இந்தத் தட்டியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். கல்யாணம் முடிந்ததும் நானே தைத்துத் தருகிறேன்.

நான் கடைசியாக என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து எட்டு மாதம் ஆகிறது. முறைப்படியே ஆரம்பிக்கிறேன். பிற்பாடு இது பாவசங்கீர்த்தனமே இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் என் பிரௌசிங் சென்டர் உங்களுக்குத் தெரியும். கோவிலின் ஞாயிறு அறிவிப்பை அங்கேதான் டைப் அடித்துத் தருகிறேன். குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள் எல்லாரும் அங்கே வந்துதான் மெயில் பார்ப்பார்கள். இன்டர்நெட்டைத் திறக்க, கம்ப்யூட்டரோடு வந்த உருண்டைப் படத்தை அழுத்துவார்கள். அந்த உருண்டைக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் பாஸ்வேர்டு போட்டாலும் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அவர்கள் எழுந்து போன பிறகு பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் போதும், மெயில் திறந்துவிடும். நான் எதையும் உடைக்கவில்லை சாமி.

முதலில் படிக்க மட்டும்தான் செய்தேன். அதனால் நல்லதுதான் நடந்தது. பெரியநாயகசாமி அண்ணனின் மகன் வீட்டுக்குச் சொல்லாமல் லீவில் வருகிறான் என்று நண்பனுக்கு எழுதிய மெயிலில் தெரிந்தது. "அண்ணே, வீட்டுக்கு வெள்ளை அடிங்க, ஏதோ நல்லது வரப்போவுது" என்றேன். அவன் வந்து இறங்கி, ஈரச் சுண்ணாம்பில் சாய்ந்து புதுச் சட்டையைப் பாழாக்கிக்கொண்டான். அது வேறு விஷயம். அன்றிலிருந்து என் வாக்குக்கு ஊரில் ஒரு மரியாதை.

அப்புறம் லின்சி. சனிக்கிழமைதோறும் குவைத்தில் இருக்கும் ரெஜினுக்கு எழுத வருவாள். இரண்டு வீட்டிலும் வாய்ப்பேச்சாக முடித்துவைத்த சம்பந்தம். லின்சி நல்ல பெண், எழுதத்தான் வராது. மூன்று வரி எழுதிவிட்டு நகம் கடிப்பாள்.

"அக்கா, இதுக்கு மேல என்னதான் எழுதுறது? எல்லாம் போன வாரமே எழுதிட்டேனே."

குவைத்திலிருந்து அவர் அவளுக்கு இரண்டு பக்கம் எழுதுவார். மேட்டூர் திறந்தாச்சா, நம்ம பக்கம் நாற்று விட்டாச்சா, ராத்திரி தவளைச் சத்தம் கேட்கிறதா என்று. அப்படிக் கேட்கிற மனுஷனுக்கு 'நலம், நீங்கள் நலமா' என்றா பதில் போவது? அவள் போன பிறகு அவள் மெயிலிலிருந்தே 'ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்' என்று இன்னொரு கடிதம் அனுப்பினேன். தவளைச் சத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். அவர் அதற்குத்தான் பதில் எழுதினார். அந்தப் பதிலை லின்சி பார்த்தால் குழம்புவாள் என்று எடுத்துவிட்டு, அவர் மெயிலிலிருந்து அவளுக்கு ஏற்ற மாதிரி நாலு வரி அனுப்பினேன். குவைத் போவதற்கு முன் அவரும் என் சென்டரில்தான் மெயில் திறந்தார். உருண்டை அவரையும் மறக்கவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம். இருவருக்கும் ஒரு மனக்கசப்பு இல்லை.

பிறகு லின்சியின் அண்ணன் கிளாட்சன் ஈஸ்டர் லீவுக்கு வந்தான். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. என் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இது பிரௌசரா ஜெனிட்டா? சல்லடை. எவன் வேணா உள்ள வந்துட்டுப் போலாம்."

"யாரு வரப்போறாங்க? கீழ்வேளூருக்கு பஸ்ஸே ஒழுங்கா வரல."

அவன் கேட்கவில்லை. மீன்கொத்திப் படம் போட்ட புது பிரௌசரை சிடியில் கொண்டுவந்து ஆறு கம்ப்யூட்டரிலும் ஏற்றினான். அது மூடும்போதே எல்லாவற்றையும் அழித்துவிடுமாம். ஊர் இரண்டுபட்டது. "உருண்டைதாம்ப்பா ராசி, அதுலதான் எம் புள்ள விசா வந்துச்சு" என்று பெரியநாயகசாமி அண்ணன் ஒரு பக்கம். மீன்கொத்தியில்தான் வேகம் என்று காலேஜ் பிள்ளைகள் ஒரு பக்கம். லின்சி அண்ணன் பேச்சைத் தட்டாதவள். அவள் மீன்கொத்திக்குப் போனால் ரெஜினுக்கு யார் எழுதுவது? அவர் ஏமாந்துபோவாரே என்றுதான் எனக்கு இருந்தது.

கிளாட்சன் ரயில் ஏறியதும் ஒரு சின்ன வேலை செய்தேன். உள்ளே உருண்டையையே வைத்து, வெளியே மீன்கொத்திப் படத்தை மாட்டினேன். மவுசில் நாலு தட்டு. புது பிரௌசர் பறக்கிறது என்று எல்லாரும் மெச்சினார்கள். லின்சியும் மெச்சினாள்.

ஆடி மாதம் ரெஜினின் அம்மா சவரியம்மாள் வந்து உட்கார்ந்தார். அவருக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன்.

"மாரு வலிக்குதுப்பா, ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போன்னு போடும்மா."

அந்த நேரம் ரெஜின் வருவது சரிப்படாது. லின்சி ஊரில் இருக்கிறாள், இரண்டு பேரும் நேரில் பேசினால் கடிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. 'நான் சௌக்கியம், லீவு போட்டு வராதே' என்று அடித்தேன். படித்துக் காட்டும்போது அந்த அம்மா சொன்னபடியே படித்தேன். கிழவிக்குத் திருப்தி. என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அதே வாரம் இரண்டு மெயில் அனுப்பினேன். லின்சியிடமிருந்து அவருக்கு: வேறு இடத்தில் பேசிவிட்டார்கள், இனி எழுத வேண்டாம். அவரிடமிருந்து லின்சிக்கு: எனக்கு உன்மேல் மனசு இல்லை. வெறுமனே அப்படி எழுதினால் கடுமையாக இருக்கும் என்று, இன்று நம்ம வாய்க்காலில் தண்ணி வந்துவிட்டது, அதைப் பார்த்து ஆறுதல் அடை என்றும் ஒரு வரி சேர்த்தேன். லின்சிக்கு நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவள் கும்பகோணத்தில் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். நீங்கள்தான் சிபாரிசுக் கடிதம் கொடுத்தீர்கள். அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

இரண்டு வாரத்தில் சவரியம்மாள் போய்விட்டார். முப்பதாம் நாள் பூசைக்குத்தான் ரெஜின் வந்து சேர முடிந்தது. "வரவேணாம்னு எழுதினாங்கங்க, பெத்த மனசு" என்று அழுதார். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். காபி ஆற்றிக்கொண்டே தவளைச் சத்தத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பேசுறது எனக்குப் பழகின பேச்சு மாதிரியே இருக்கு" என்றார். மற்றது உங்களுக்குத் தெரியும். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு நீங்களே வாசித்தீர்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை நிறுத்தி, "ஜெனிட்டா, நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி என்னிக்கு வந்துச்சு?" என்று கேட்டீர்கள். ஓலை வாசித்த சேதி கேட்டு லின்சி அந்தப் பிரிண்டை உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். தண்ணீர் வந்தது வியாழக்கிழமை காலை. நீங்களே கரையில் நின்று ஆசீர்வதித்தீர்கள். மெயிலில் இருக்கும் தேதியும் அதே வியாழன் காலைதான். குவைத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? நல்ல கேள்வி. அது என் தப்பு. சந்தோஷத்தில் எழுதிவிட்டேன்.

உங்களுக்கு இதுவரை சந்தேகம்தான் இருந்தது, இப்போது முழுதும் தெரியும். ஆனால் இங்கே கேட்டதை வெளியே ஒரு கண் சாடையால்கூடக் காட்டக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். எல்லா பிரௌசரிலும் ஓட்டை உண்டு சாமி. இந்தத் தட்டியில் மட்டும் கிடையாது. பாவமன்னிப்பு தர மனசு வராவிட்டால் பரவாயில்லை, காத்திருக்கிறேன். நாளைக்கு மூன்றாம் ஓலையில் 'தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று வாசித்துவிட்டு, வழக்கமாக நிறுத்துகிற அளவுதான் நிறுத்த வேண்டும். அதிகம் நிறுத்தினால் அதுவும் சாடைதான்.

நேற்று ரெஜின் தன் மெயில் பாஸ்வேர்டைத் தானாகவே என்னிடம் சொன்னார். நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம் என்றார். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லவில்லை, புதுசாகக் கேட்பதுபோல் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். நான் யார் மனசையும் நோகடிக்கிறவள் இல்லை சாமி.