ஜோரீன் இறுக்கி வைத்த விசை

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் வெர்லின் ஸ்டூவி அவர்களே, ஜோரீனின் கணவர் டெல் அவர்களே, மான் வேட்டைப் பருவம் முடியுமுன்னே, காத்திருந்த மரத்திலிருந்து இறங்கி வந்திருக்கும் டாமராக் ஏரி வில்லாளர் மன்றத்து உறுப்பினர்களே, ஜோரீனோடு பள்ளிப் பேருந்து ஓட்டியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் மேரன். மன்றத்தில் இளையவள் நான் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். இதை நேற்றிரவு வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதினேன். என் எழுத்தை நானே படிக்கத் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் செயலாளர், மாவட்ட வில்வித்தையில் வாகை சூடிய ஜோரீன் லிண்ட்ஸ்ட்ராம் போன செவ்வாய்க்கிழமை காலை மறைந்தார். பேருந்தைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அவரைப் பார்த்து நாம் எதற்குச் சிரித்தோம்? நினைவிருக்கிறதா?

பேருந்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். நம் விரலுக்குப் பதிலாக வில்லின் நாணைப் பிடித்திருக்கும் சின்னக் கருவிக்கு ரிலீஸ் என்று பெயர். அதன் விசையை அழுத்தினால் அம்பு போகும். எவ்வளவு அழுத்தினால் போக வேண்டும் என்பதை ஒரு திருகாணியைத் திருப்பி நாமே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் இளக்கமாக வைக்கத்தான் ஆசை. தொட்டதும் போகும் அல்லவா!

ஜோரீனும் அப்படித்தான் வைத்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன், கணப்பு எரியும் நிலவறையில் உட்கார்ந்து, வெறுங்கையால் விசையை இளக்கினார். மறுநாள் மரத்தின் மேல் கனத்த கையுறையோடு காத்திருந்தார். கலைமான் வந்தது. விரலை விசைமேல் சும்மா வைத்தார். வைத்ததே அவருக்குத் தெரியவில்லை. அம்பு போய்விட்டது. மானின் பின்னங்காலில் பட்டது. இருட்டும்வரை ரத்தத் தடம் பார்த்து நடந்தார். மறுநாளும் நடந்தார். மான் கிடைக்கவில்லை.

யார் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாமே! இருந்தாரா? வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், இதே கூடத்தில், எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"அட விடும்மா, எல்லாருக்கும் நடக்குறதுதானே. மீன் ஆறுது, உக்காரு" என்றார் நம் தலைவர்.

"எல்லாருக்கும் நடக்குதுன்னா எல்லாரும் திருகாணியத் திருப்புங்கய்யா! கதகதன்னு உக்காந்து விசை வெக்கிறீங்க. மரத்து மேல போனா அந்த விரலா இருக்கு? கட்டையில்ல இருக்கு!"

அடுத்த நாள் வண்டி நிறுத்தும் இடத்தில், பனியில், ஒரு மேசையைப் போட்டார். கையுறை மாட்டிக்கொண்டு, ரிலீசைக் கயிற்று வளையத்தில் கோத்து, இழுத்துப் பார்த்துப் பார்த்து இறுக்கினார். ஹார்லன் மாமா, நீங்கள் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"ஜோரீன், அத இழுக்க டிராக்டர் கொண்டாரவா?"

"கொண்டா, கொண்டா. போன வருஷம் நீ விட்ட அம்பு இன்னும் என் கொட்டாய்க் கதவுல நிக்குது. அதையும் கட்டி இழுத்துட்டுப் போ!"

நாம் சிரித்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவருடைய புள்ளிகள் சரிந்தன. வாகை சூடியவர் கடைசி இடத்துக்கு வந்தார். அப்போதும் இளக்கினாரா? இல்லை. விசை இறுக்கமாக இருந்தால் விரலைப் பயமில்லாமல் முழுசாக அதன்மேல் வைக்கலாம். தோளாலும் முதுகாலும் இழுத்துக்கொண்டே இருக்கலாம்; அம்பு தனக்கான நேரத்தில் தானே போகும். இளகிய விசையோ விரலுக்குப் பயத்தைப் பழக்கிவிடும். தொடவே அஞ்சி அஞ்சி, கடைசியில் படக்கென்று அடித்துவிடுவோம்.

எனக்கு இது தெரியும். பிப்ரவரியில் மாவட்டப் போட்டியில் என் அம்பு பக்கத்துப் பெண்ணின் இலக்கில் போய் நின்றது. கூடமே "ஓ" என்றது. அதற்குப் பிறகு ஆட்கள் முன்னால் நான் வில்லெடுக்கவில்லை.

ஆனால் இன்று எடுக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் மறைந்தால், அவர் வழக்கமாக நின்று எய்த இடத்தில், இலக்குத் தாள் ஒட்டாத வைக்கோல் கட்டின் மேல், அவருடைய ரிலீசால் மன்றத்தின் இளையவர் முதல் அம்பு விடுவது நம் வழக்கம். டெல் அவர்கள் ஜோரீனின் ரிலீசை என் கையில் கொடுத்துவிட்டார். தலைவரே, மன்னியுங்கள், நீங்கள் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்.

"ரொம்ப இறுக்கம்டா கண்ணு. ஒரு சுத்து இளக்கிக்க. ஊரே பாக்கும், உதறிடுவே."

என்மேல் உள்ள அன்பால் சொன்னீர்கள். நேற்று இளக்கியும் விட்டேன். கயிற்றில் கோத்துப் பார்த்தேன். தொட்டதும் விசை விட்டது. எவ்வளவு சுகமாக இருந்தது! பிறகு கையுறை மாட்டிக்கொண்டு கொல்லையில் பனிக்குள் போய் நின்றேன். என் விரல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. உள்ளே வந்து அந்த ஒரு சுற்றைத் திரும்ப இறுக்கினேன்.

ஜோரீன் அவர்களே! உங்கள் மேசையைக் கதகதப்புக்காக உள்ளே கொண்டுவர விடமாட்டேன். ஒவ்வொரு வருடமும் பருவம் தொடங்குமுன் நானே அதைத் தூக்கிவந்து பனியில் போட்டு வைப்பேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிரித்துவிட்டு வந்து, கையுறையோடு விசையை வைத்துக்கொள்ளட்டும். இது உங்களுக்கு நாங்கள் தரும் வாக்கு. நாங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையென்றால், நான் தரும் வாக்கு.

இப்போது நான் அம்பு விடும் கோட்டுக்குப் போகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் வெளியே வாருங்கள். நான் நாணை இழுத்த பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அம்பு எப்போது போகும் என்று எனக்கும் தெரியாது. கொஞ்சம் நேரம் ஆகலாம். காத்திருங்கள்.