எந்தக் கார்டு என்று என்னைக் கேட்காதீர்கள்

மின்விசிறி இல்லாத மேடையில் இரண்டு மணி நேரமாகப் புன்னகை மாறாமல் வீற்றிருக்கும் நம் வீடியோ கலைஞர் சங்கத் தலைவி ஜானட் அம்மையார் அவர்களே! பிலிம் சுருள் காலம் தொட்டு ஒளியைப் பிடித்து வாழ்ந்துவரும் மூத்தோர்களே! கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வரும் கணவன்மாரைப் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு வந்திருக்கும் தோழர்களே! காலடிப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சின்னப்பையனாகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

"வீடியோ சுருக்கத்தை விரைவாக்கும் கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?" என்று நோட்டீசில் அச்சடித்து, பக்கத்திலே என் படத்தையும் போட்டுவிட்டார்கள். எப்படி? எனக்கு மட்டும் தெரியுமா? எட்டு ஜிபி போதும் என்கிறார் ஒருவர். எட்டு எந்த மூலைக்கு, பன்னிரண்டு வாங்கு என்கிறார் இன்னொருவர். கார்டே வேண்டாம், பிராசசரே பார்த்துக்கொள்ளும் என்கிறார் மூன்றாமவர். கேட்டேன், குழம்பினேன். படித்தேன், குழம்பினேன். வாங்கினேன், வாங்கிய பிறகும் குழம்பினேன்!

"இன்னா கார்டு வாங்கினே, அத்த சொல்லு நைனா!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. சொல்கிறேன் தோழரே, அவசரப்படாதீர்கள். அவசரப்பட்டவன் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எபினேசர் என்று ஒரு மனிதர். கப்பலின் எஞ்சின் அறையிலே வேலை. ஒரே மகள் ஜெமிமா. அவள் கல்யாணத்துக்கு வருவதாக இருந்தார். அவருக்கு மாற்றாகக் கப்பலேற வேண்டிய ஆள் வரவில்லை. தேதி குறித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. மகள் மணவறையில், தகப்பன் நடுக்கடலில்! வீடியோ எடுத்தவன் உங்கள் சின்னப்பையன்.

அந்தக் கப்பலில் ஆளுக்கு வாரத்துக்கு முந்நூறு எம்பிதான் இணையம். வீட்டோடு பேசுவதும் அதில்தான், வீடியோ பார்ப்பதும் அதில்தான். அவர் மனைவி ரெஜினா அம்மாள் என் கடைக்கு வந்தார். "தம்பி, வர்ற ஞாயித்துக்கெழம அவருக்கு நெட்டு வருது. அதுக்குள்ள சின்னதாக்கிக் குடுத்துடுங்க. அந்த வாரம் போன்ல பேசலன்னாலும் பரவால்ல, கல்யாணத்தப் பாத்தாப் போதும்னு சொல்லிட்டாரு."

மூன்று மணி நேரக் கல்யாணம்! முந்நூறு எம்பிக்குள் அடக்கம்! என் பழைய கம்ப்யூட்டர் ஒரு முறை சுருக்கிப் பார்க்கவே ஒரு பகல் எடுக்கும். ஓடினேன் ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைக்கு. கடைக்காரர் மஹீன் நிதானமாகக் கேட்டார். "எதுக்கு தோஸ்து? கேமுக்கா, எடிட்டிங்குக்கா, வெறும் சுருக்குறதுக்கா?" நான் சொன்னேன், "இருக்கிறதுலயே பெருசா குடு பாய்!"

பெருசு என்றால் பெருசு. கம்ப்யூட்டர் பெட்டியின் மூடி மூடவில்லை. பழைய பவர் சப்ளை பத்தவில்லை, அதையும் மாற்றினேன். ஓடவிட்டேன். ஏழே நிமிடம்! தோழர்களே, வாங்கி வைத்த டீ ஆறவில்லை, வீடியோ முடிந்துவிட்டது! திறந்து பார்த்தேனா? இல்லை. அளவை மட்டும் பார்த்தேன். முந்நூறுக்குள் இருந்தது. அனுப்பினேன்.

ஞாயிறு மாலை கப்பலிலிருந்து எபினேசரின் குரல் பதிவு வந்தது. "தம்பி, கலர் கலரா என்னமோ பறக்குது. கட்டம் கட்டமாத் தெரியுது. எம் புள்ள மொகத்தத்தான் காணல."

இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் ஒரு வாரப் பேச்சை விற்று வாங்கிய படம் அது! பறந்தது என்ன தெரியுமா? நான் வெடிக்கவைத்த கலர் காகிதம். மூடியது என்ன தெரியுமா? நான் கிளப்பிய மேடைப் புகை. பறக்கும் ஒவ்வொரு துண்டுக்கும், நெளியும் ஒவ்வொரு புகைக்கும் அந்த முந்நூறு எம்பியில் பங்கு கொடுத்த கார்டு, மணப்பெண்ணின் முகத்துக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எது முகம், எது காகிதம் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

புத்தி வந்ததா? வரவில்லை! மறுபடியும் மஹீனிடம் ஓடினேன். "இத்தவிட பெருசு கீதா பாய்?"

"இன்னாத்துக்கு? நீ வாங்கினதுலயும், இதோ இந்தச் சின்னதுலயும் வீடியோவ சுருக்குற பார்ட்டு ஒண்ணேதான் தோஸ்து."

"அத்த அன்னிக்கே சொல்ல மாட்டியா?"

"எதுக்குன்னு கேட்டேனே! நீ நின்னு பதில் சொன்னியா?"

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிக்கிற பாதிப் பேர் வீட்டில் மூடி மூடாத பெட்டி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தால் கடையிலே ரெஜினா அம்மாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "போட்டுக் காட்டுங்க தம்பி" என்றார். போட்டேன். காகிதம் வெடித்தது. "வேணாம்." புகை வந்தது. "வேணாம்." முழுவதும் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். "சர்ச் வாசல்ல நின்னு கேமராவப் பாத்துப் பேசுனாளே, அது எங்க?"

எங்கே? வெட்டிப்போட்ட குப்பையில்! நம் தொழிலின் முதல் பாடம் என்ன? கேமராவைப் பார்க்காதே! பார்த்தால் வெட்டு! அந்தப் பெண் பார்த்தாள், நான் வெட்டினேன். தேடி எடுத்தேன். நாற்பது வினாடி. காகிதம் இல்லை, புகை இல்லை. தகப்பன் கோத்து உள்ளே அழைத்துப்போக வேண்டிய கையை மடித்து வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறாள் ஜெமிமா. நேராக நம்மைப் பார்க்கிறாள். "அப்பா, உள்ள போறேன். கூட வாங்க."

தாய்மார்களே, அவள் என் கேமராவையா பார்த்தாள்? அதற்குப் பின்னால் இருந்த கடலையல்லவா பார்த்தாள்! கூலிக்குப் படம் எடுத்தவன் எனக்கு அது புரியவில்லை, பெற்றவளுக்குப் புரிந்தது.

அந்த நாற்பது வினாடியைச் சுருக்கப் புதுக் கார்டு தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிறு அனுப்பினேன். குரல் பதிவு வந்தது. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே எபினேசர் சொன்னார், "போயிட்டு வந்துட்டேன் தம்பி."

எந்தக் கார்டு வாங்குவது? சத்தியமாக எனக்கு இன்னும் குழப்பம்தான். மஹீன் பாயிடம் நின்று பதில் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஆனால் எதை வெட்டுவது என்பதை மட்டும் கல்யாண வீட்டாரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு என் நன்றி. இந்த நிமிடம் எஞ்சின் அறையில் நிற்கும் எல்லாத் தகப்பன்மாருக்கும் என் வணக்கம்!