அழகுமலை பிடித்துப் பார்த்த மாடு

— உக்காருங்கன்னு நான் சொல்ல மாட்டேன் அழகுமலையண்ணா. நின்னுட்டே பேசுங்க.

— சரி ஆனந்தி. நிக்கறேன்.

— கையில என்ன, கவுறா?

— ஆமா. உனக்கு நான் வாங்கிக் குடுத்த செவலை மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.

— அடேயப்பா! இருபத்திரண்டு நாள் கழிச்சு இப்பத்தான் எருத்தேன்பதிக்கு வழி தெரிஞ்சுதாக்கும்?

— பால் சொசைட்டியில அளக்கற பினு சொன்னாப்ல. ஆனந்தி கேன் பாதியாயிருச்சு, புது மாட்டுக்கு ஒரு காம்புல பாலே இல்லியாம்னு...

— பினு சொல்லித்தான் தெரியுமா? நான் நாலு தடவை போன் பண்ணினேனே?

— எடுக்கறதுக்கு... தைரியம் வல்லை.

— வேலந்தாவளம் சந்தையில அத்தனை பேர் முன்னாடி மீசையத் தடவிட்டு நின்னீங்க. அப்ப மட்டும் தைரியம் எங்கிருந்து வந்துச்சு?

— அம்மிணி, சித்தே மெதுவா...

— எதுக்கு மெதுவா? ரோடு வரைக்கும் கேக்கட்டும்! 'மூணாம் ஈத்து, நாலு காம்பும் பட்டு, நான் புடிச்சுப் பாத்துட்டேன்'னு சொன்னது ஆரு?

— நாந்தான்.

— ஊட்டுக்கு வந்து கறந்தா, பின்னாடி எடது காம்பு கல்லு. மிருகாசுபத்திரி டாக்டர் தொட்ட ஒடனே சொல்லிட்டாரு, இது இன்னைக்கு நேத்து வந்ததில்லை, பழைய மடிநோவுன்னு. தொட்ட ஒடனே! நீங்க இருபத்தஞ்சு வருசமா மாட்டுத் தரகு பாக்கறவரு...

— இருபத்தேழு.

— எண்ணிக்கைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லை!

— ...கன்னுக்குட்டி சத்தமே காணோமே. தூங்குதா?

— பேச்சை மாத்தாதீங்க. இதுவரைக்கும் உங்க மூலமா அஞ்சு மாடு வாங்கியிருக்கேன். ஒண்ணுலயாச்சும் நான் குனிஞ்சு மடியத் தொட்டிருக்கேனா? நீங்க தலைய ஆட்டுனாப் போதும், ஓட்டிட்டு வந்துருவேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்? இந்தத் தடவை என்ற ஊட்டுக்காரர் சொன்னாரு, எதுக்கும் டாக்டரைக் கூட்டிட்டுப் போன்னு. அண்ணன் இருக்கறப்ப டாக்டரு எதுக்குன்னு சண்டை போட்டவ நான். இப்ப அவரு ஒண்ணும் சொல்றதில்லை. காலி கேனைப் பாத்துட்டுச் சிரிக்கறாரு. அது எப்புடி இருக்கும் தெரியுமா? மாட்டுக்காரன்கிட்ட ஏதாச்சும் வாங்கிட்டீங்களா?

— ஆனந்தி! அந்த வார்த்தை வேண்டாம்.

— பின்ன என்னன்னு நெனைக்கறது? ஒண்ணு, தெரிஞ்சே பொய் சொல்லியிருக்கோணும். இல்லைன்னா தொட்டே பாத்திருக்க மாட்டீங்க.

— தொட்டேன்.

— தொட்டுமா தெரியலை? வாயத் தொறங்கண்ணா!

— நான் அக்கட்டத் திரும்பிக்கறேன். என்ற விரல் நுனியக் கிள்ளு.

— என்ன வெளையாட்டு இது?

— கிள்ளு அம்மிணி. நகத்தால, நல்லா.

— ...

— ம்... கிள்ளிட்டியா?

— கிள்ளிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்கு...

— தெரியலை. சக்கரை வியாதி. ஒம்பது மாசமாச்சு, பத்து விரலும் மரத்துப் போயி. சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் எனக்கு ஒண்ணுதான்.

— அப்ப அன்னைக்கு... எல்லாத் தரகரும் துண்டுக்கடியில விரலைப் புடிச்சு வெலை பேசறாங்க. நீங்க மட்டும் துண்டைத் தோள்ல போட்டுட்டு வாயாலயே பேசினீங்க. புழுக்கமா இருக்குதுன்னீங்க...

— துண்டுக்குள்ள அவன் என்ற மூணு விரலைப் புடிக்கறானா, நாலைப் புடிக்கறானான்னே தெரியலை ஆனந்தி. அந்தத் துண்டுக்குள்ளயே பொழைச்சவன் நான்.

— இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?

— சொல்லிட்டு? அழகுமலைக்கு விரல் செத்துப் போச்சுன்னா சந்தையில எவன் கூப்புடுவான்?

— அதுக்கு நானா கெடைச்சேன்? உங்க பேரைக் காப்பாத்த என்ற பொழப்பா? நோவு வந்தது உங்க குத்தம் இல்லீங்க, மறைச்சதுதான் குத்தம். 'எனக்குத் தெரியலை, நீயே தொட்டுப் பாத்துக்க'ன்னு ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! வாய மூடிட்டு, நம்பி வந்தவ தலையில கட்டறதுக்கு என்ன பேருங்க? திருட்டுங்க அது! சந்தையில பாக்கெட் அடிக்கறவன் உங்களைவிட மேலு. அவனை நாம அண்ணான்னு கூப்புடறதில்லை.

— திட்டு. எனக்கு நெம்ப வேணும்.

— திட்டுனா எனக்குப் பால் வருமா?

— அதுக்குத்தான் வந்திருக்கேன். என்ற ஊட்டுல கருப்பி நிக்குது. நீயே குனிஞ்சு புடிச்சுப் பாரு. டாக்டரையும் கூட்டிட்டு வா. நல்லாருந்தா அது உனக்கு. செவலையை நான் ஓட்டிக்கறேன். வர்ற சந்தையில எல்லாருக்கும் சொல்லீர்றேன், இனி தரகுக்கு வல்லைன்னு. எதுக்குன்னும் சொல்லீர்றேன்.

— ...

— என்ன, திட்டு நின்னுபோச்சு?

— கருப்பி எதுக்குங்க... உங்க ஊட்டுக்கு இருக்கறதே அது ஒண்ணுதானே.

— நான் தலைய ஆட்டுன மாடு, நாந்தான் சொமக்கோணும். செவலையைப் புடிச்சுட்டு வா.

— அப்பறம் பாத்துக்கலாங்க.

— அப்பறம் என்ன? கவுறு கொண்டாந்துட்டேன்ல.

— இப்ப வேண்டாங்ணா. வெயிலு... உக்காருங்க, டீ போடறேன்.

— நின்னுட்டே பேசுன்னவ இப்ப டீ போடறேங்கறே? ஆனந்தி. அந்த வேலியில தொங்கற செவப்புக் கவுறு...

— அது சும்மா...

— நான் அன்னைக்குப் புதுசா வாங்கிக் கட்டுன கவுறு. செவலை இப்ப எந்தக் கவுத்துல நிக்குது?

— மேய விட்டிருக்கேன்.

— கவுறில்லாமயா? மாட்டை விக்கறவங்கதான் கவுத்தை உருவி வெச்சுக்குவாங்க, அதையும் குடுத்தா கட்டுத்தறி காலியாயிரும்னு. எனக்கேவா கதை விடறே? யாருக்கு வித்தே?

— எலப்புள்ளி ஆர்த்திக்குங்க. முந்தாநேத்து.

— கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில வேலை போயி, மொத மாடு வாங்கோணும்னு எங்கிட்டக் கேட்டுட்டு இருந்துச்சே, அந்தப் புள்ளையா?

— அதேதானுங்க.

— காம்பு சங்கதியச் சொன்னியா?

— சொல்லலீங்க.

— அடிப்பாவி! இத்தனை நேரம் என்னைய நிக்க வெச்சு, அதுக்கு என்ன பேருன்னு நீதானே சொன்னே?

— ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லீங்க. உங்களைப் பாத்ததும் அந்தக் கோவம் பூரா உங்க மேல வந்துருச்சு...

— கோவத்தை வுடு. மொத மாடு வாங்கற புள்ள, மடியத் தொட்டுக்கூடவா பாக்கலை?

— தொடறதுக்குத்தான் குனிஞ்சுதுங்ணா... 'அழகுமலையண்ணன் புடிச்சுப் பாத்த மாடு'ன்னேன். கையை எடுத்துக்குச்சு.